பதினேழு வெள்ளிக்கிழமைகள்

சேதுராமனின் லாக் புத்தகத்தையும் ஷரீஃபுதீனின் லாக் புத்தகத்தையும் கேப்டன் ஆஷ்டன் மேசைமேல் அருகருகே விரித்து வைத்தார். அந்த இரண்டு புத்தகங்களும் அதுவரை ஒரே மேசைக்கு வந்ததில்லை.

சிங்கப்பூர் விமான நிலையத்தின் பின்புறத்தில், தகரக் கூரை போட்ட நீளமான கட்டிடத்தில் இருந்தது தென்கடல் விமானக் கம்பெனியின் அலுவலகம். மலாயாவுக்கு மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து மூன்று வருஷம் ஆகியும் அந்தக் கம்பெனியில் உள்ளூர்க்காரர்கள் மூட்டை தூக்கினார்கள், டிக்கெட் கிழித்தார்கள், பயணிகளுக்கு ஆரஞ்சுப் பழரசம் கொடுத்தார்கள். விமானி அறையில் மட்டும் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பத்திரிகைகள் கேள்வி கேட்கத் தொடங்கிய பிறகு, 1960 ஜூலையில் ஒரு விளம்பரம் வந்தது. உள்நாட்டு இளைஞர்கள் நான்கு பேர் தேவை; வயது இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டும்; வணிக விமானி லைசென்ஸ் வேண்டும்; பொறுப்பு விமானியாக நூறு மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும். விண்ணப்பித்தவர்கள் ஆறு பேர். அதில் இரண்டு பேர் மலாக்கா. காஜா பேராங்கிலிருந்து சேதுராமன், ஜாலான் துக்காங் எமாஸ் பக்கத்திலிருந்து ஷரீஃபுதீன்.

"போன வருஷம் பத்தாம் மாதம் பதினாறாம் தேதி," என்று படித்தார் கேப்டன். "வெள்ளிக்கிழமை. ஆஸ்டர் விமானம். மலாக்காவின் பத்து பெரண்டாம் திடலிலிருந்து கிளம்பி, கடலோரமாகப் போய்த் திரும்பியிருக்கிறது. ஒரு மணி இருபது நிமிடம். பொறுப்பு விமானி, சேதுராமன்."

விரலை அடுத்த புத்தகத்துக்கு நகர்த்தினார்.

"அதே தேதி. அதே விமானம். அதே நேரம். பொறுப்பு விமானி, ஷரீஃபுதீன்."

வானத்தில் ஒரு விமானத்துக்கு ஒரே ஒரு பொறுப்பு விமானிதான். பக்கத்து இருக்கையில் சுல்தானே உட்கார்ந்திருந்தாலும் அவர் வெறும் பயணி. ஒவ்வொரு விமானியும் தான் பறந்த ஒவ்வொரு நிமிடத்தையும் தன் லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறான்; பொறுப்பு யாருடையது என்பதற்கு அதில் தனிப் பத்தி இருக்கிறது. அந்தப் பத்தியின் கூட்டுத்தொகைதான் அவன் யார் என்பதைச் சொல்லும்.

"இப்படி முப்பத்து நான்கு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். மொத்தம் நாற்பத்து நான்கு மணி நேரம்," என்றார் கேப்டன். அவர் குரலில் கோபம் இல்லை. பல் வைத்தியர் போலப் பேசினார். "திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாருங்கள். உங்கள் விமானக் கிளப்பின் புறப்பாட்டுப் புத்தகத்தையும் கொண்டு வாருங்கள். அந்த நாற்பத்து நான்கு மணி நேரம் யாருடையது என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் அவர் இங்கே வேலை செய்யலாம். தெரியாவிட்டால் இரண்டு புத்தகங்களும் விமானப் போக்குவரத்து இலாகாவுக்குப் போகும். அப்புறம் உங்கள் லைசென்சைப் பற்றி அவர்கள் யோசிப்பார்கள்."

அன்றே இருவரும் மலாக்கா பஸ் ஏறினார்கள். மூவாரில் ஆற்றைக் கடக்க ஃபெரிக்காக எல்லாரும் இறங்கியபோது ஷரீஃப் கம்பிமேல் சாய்ந்து நின்றான்.

"ஏன்டா மூஞ்சி ஊசிப்போன நாசி லெமாக் சோறு மாதிரி இருக்கு?"

"சும்மா இருடா."

"கணக்கு போட்டியா?"

"போட்டேன்."

"சொல்லு, என்னோடது ஒத்துப்போகுதான்னு பாப்போம்."

சேதுராமன் பஸ்ஸிலேயே கணக்குப் போட்டிருந்தான். காகிதம்கூடத் தேவைப்படவில்லை. நடந்தது இதுதான். பத்து பெரண்டாம் கிளப்பின் ஆஸ்டரைச் சனி, ஞாயிறு பகலெல்லாம் தோட்டத்துத் துரைமார்கள் எடுத்துக்கொள்வார்கள். உள்ளூர்ப் பையன்கள் இரண்டு பேருக்கும் மிஞ்சியது வெள்ளிக்கிழமை பின்னேரமும் ஞாயிறு விடிகாலையும். அதற்கு முன் தனித்தனியே பறந்தவர்கள், அந்தப் பதினேழு வாரம் செலவைப் பங்கு போட்டுக்கொண்டு சேர்ந்தே பறந்தார்கள். வெள்ளிக்கிழமை ஷரீஃப் ஓட்டுவான், சேதுராமன் வரைபடம் பார்ப்பான். ஞாயிற்றுக்கிழமை அது மாறும். முதல் வாரமே ஒரு துரை சிரித்துக்கொண்டு சொன்னார், 'இருவரும் லைசென்ஸ் வைத்திருக்கிறீர்கள், இருவரும் வேலை செய்கிறீர்கள், இருவருமே எழுதிக்கொள்ளுங்கள்' என்று. எழுதிக்கொண்டார்கள். அது தப்பென்று அன்றைக்குத் தோன்றவில்லை. ஒருவன் சுக்கானைப் பிடித்தான், மற்றவன் வழி சொன்னான். இரண்டு பேரும்தானே வியர்த்தார்கள். வணிக லைசென்ஸுக்குச் சேதுராமன் பிப்ரவரியில் புத்தகத்தை அனுப்பினான், ஷரீஃப் ஜூனில் அனுப்பினான். இலாகாவில் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

"என் புத்தகத்துல நூத்துப் பதினாறு," என்றான் சேதுராமன். "ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எனக்குன்னா தொண்ணூத்து நாலு. ஆறு மணி நேரம் கம்மி. உனக்கு நூத்துப் பத்தொம்போது. வெள்ளிக்கிழமை மட்டும்னா தொண்ணூத்தேழு. மூணு கம்மி."

"அப்ப உண்மையைச் சொன்னா ரெண்டு பேருக்கும் பத்தாது."

"பத்தாது."

"நாப்பத்து நாலையும் ஒருத்தன் எடுத்துக்கிட்டா அவனுக்குப் பத்தும். இன்னொருத்தன்?"

"அவன் நாப்பத்து நாலு மணி நேரம் பொய் எழுதினவன்."

ஃபெரியின் இயந்திரம் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு லாரி நிறைய அன்னாசிப்பழம். அதன்மேல் உட்கார்ந்து ஒருவன் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். ஷரீஃப் கம்பியிலிருந்து நிமிர்ந்து திரும்பினான்.

"உண்மையைச் சொல்லிடுவோம்டா. கையும் களவுமா பிடிச்சிட்டான், இனி என்ன? மூணு மணி நேரமும் ஆறு மணி நேரமும் ஒரு மாசத்துல பறந்துடலாம். அடுத்த தடவை கூப்பிடறப்ப போவோம். ரெண்டு பேரும் நேரா நின்னு ஒத்துக்கிட்டா அந்தக் கிழவன் இலாகாவுக்கு அனுப்ப மாட்டான். மூஞ்சியைப் பார்த்தியா? நாம சொல்லணும்னு காத்துக்கிட்டு இருக்கான்."

"அனுப்பிட்டா?"

"அனுப்பினா ரெண்டு பேரும் எங்க நானா கடையில துணி கிழிப்போம். நீ சரக்கு எடு, நான் கஜம் போடறேன்." சிரித்தான். "எனக்குப் பொய் வராது சேது. சொன்னதை மறந்துடுவேன். நடந்ததையே சொல்லிட்டா ஞாபகம் வெச்சுக்கற சூசா, தொல்லை எதுவும் இல்ல. என்ன சொல்றே?"

"சரி."

"சரின்னா?"

"சரிடா. உண்மையைச் சொல்லிடுவோம்."

ஷரீஃப் அவன் முதுகில் ஒன்று போட்டுவிட்டு ரொட்டி வாங்கப் போனான். சேதுராமன் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. அடுத்த அழைப்பு எப்போது வருமோ, ஆறு மாதமோ ஒரு வருஷமோ. ஷரீஃபுக்கு இருபத்திரண்டு வயது, காத்திருக்கலாம். சேதுராமனுக்கு இருபத்து நான்கு முடிந்து எட்டு மாதம். டிசம்பரில் இருபத்தைந்து. அதன் பிறகு அவன் ஆயிரம் மணி நேரம் பறந்தாலும் விளம்பரத்தின் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடுவான். பொதுப்பணி இலாகாவில் இருந்த குமாஸ்தா வேலையையும் இதற்காகவே சித்திரையில் விட்டிருந்தான்.

ஷரீஃபுக்கு அது தோன்றவேயில்லை. நண்பனின் வயதை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்?

வீட்டில் அப்பா மாணிக்கவாசகம் வாசலிலேயே நின்றிருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருஷமாகப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர். காஜா பேராங்கில் டிரெசர் என்றால்தான் தெரியும். அவர் ஆஸ்பத்திரியில் சொல்லாத ஆள் இல்லை. கட்டுப் போட வந்தவர்களிடம்கூட, வலி தெரியாமல் இருக்கட்டும் என்று மகன் விமானி ஆகப்போவதைப் பேசிக்கொண்டே பஞ்சை இழுப்பவர்.

"என்னப்பா, எப்ப சேரச் சொன்னாங்க?"

"திங்கக்கெழம திரும்ப வரச் சொல்லியிருக்காங்க."

"ரெண்டாந்தரம் கூப்பிட்டா வேலை கொடுக்கத்தான்யா கூப்பிடுவான். இல்லேன்னு சொல்ல எவனாச்சும் சிங்கப்பூருக்கு வரச் சொல்வானா? சாரதா, கேட்டியா?"

"கேட்டேன், கேட்டேன்," என்றாள் அம்மா சாரதாம்பாள் உள்ளேயிருந்து. "மொதல்ல பசியாற விடுங்க. ஷரீஃபுக்கும் கெடைச்சிடுமா தம்பி?"

"தெரியலேம்மா."

"ரெண்டு பேருக்கும் கெடைக்கட்டும். அந்தப் புள்ள இல்லேன்னா நீ இவ்வளவு தூரம் போயிருப்பியா?"

சேதுராமன் சாப்பிட்டுவிட்டு எழுந்தான். என்ன சாப்பிட்டான் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

சனிக்கிழமை காலை சைக்கிளில் பத்து பெரண்டாம் போனான். துரைமார்கள் இன்னும் வரவில்லை. விமானக் கொட்டகையில் மெக்கானிக் கலியாணசுந்தரம் மட்டும் ஆஸ்டரின் இயந்திர மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணெய்க் கையோடு நின்றிருந்தார். ஐம்பது வயது மனிதர். ஆஸ்டரின் விசிறியைக் கையால் சுற்றிவிட்டுக் கிளப்புகிறவர் அவர்தான். அந்த விமானம் எப்போது எழும்பியது, யாரை எந்தப் பக்கம் உட்கார வைத்துக்கொண்டு எழும்பியது என்பது அவருக்குத் தெரியாமல் நடந்ததில்லை.

"அண்ணே, புறப்பாட்டுப் புஸ்தகம் வேணும். கிளப் செக்கரட்டரிகிட்ட கேட்டுட்டேன், எடுத்துக்கச் சொல்லிட்டாரு."

"அலமாரியில இருக்கு பாரு. என்னத்துக்கு?"

"கம்பெனியில பாக்கணுமாம்."

பச்சை அட்டை போட்ட தடிமனான புத்தகம். விமானத்தை எடுக்கும் முன்னால், பொறுப்பு விமானி அதில் பெயரெழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சேதுராமன் நின்றபடியே புரட்டினான். ஞாயிற்றுக்கிழமை, அவன் கையெழுத்து. சரி. வெள்ளிக்கிழமை, அவன் கையெழுத்து. அடுத்த வெள்ளிக்கிழமை, அதற்கடுத்தது. பதினேழு வெள்ளிக்கிழமைகளிலும் அவன் கையெழுத்துத்தான் இருந்தது. ஷரீஃபின் பெயர் அவற்றில் ஒன்றிலும் இல்லை.

முதலில் அவனுக்கே புரியவில்லை. அப்புறம் ஞாபகம் வந்தது.

ஷரீஃப் வெள்ளிக்கிழமை ஜும்மாவை விட மாட்டான். கம்போங் கிளிங் பள்ளிவாசலில் தொழுகை முடிந்து, அங்கிருந்து சைக்கிளை மிதித்து வந்து சேர இரண்டரை ஆகிவிடும். நாலரைக்கெல்லாம் மழை பிடித்துக்கொள்ளும் காலம். ஒரு நிமிடம் வீணாகக் கூடாது என்று சேதுராமன் முன்னாலேயே வந்து புத்தகத்தில் தன் பெயரை எழுதி, இறக்கையைத் தட்டிப் பார்த்து, எண்ணெய் பார்த்து, இயந்திரத்தைச் சூடேற்றி வைப்பான். ஷரீஃப் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டே ஓடிவந்து இடது பக்கம் ஏறி உட்காருவான். புத்தகத்தைத் திருத்த வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றியதில்லை. அது ஒரு உதவி. உதவியாகத்தான் செய்தான்.

"என்னப்பா, மொகம் வெளுத்துப் போச்சு?"

"அண்ணே, வெள்ளிக்கெழமை எல்லாம் ஷரீஃப்தானே ஓட்டினான்?"

கலியாணசுந்தரம் கையைத் துணியில் துடைத்தார். மெதுவாக, ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"கம்பெனியில கேக்கறாங்களா?"

"ஆமாண்ணே."

"இங்க பாரு தம்பி. புஸ்தகத்துல ஒருத்தன் பேரு, சீட்டுல இன்னொருத்தன். அது தெரிஞ்சும் நான் விசிறியைச் சுத்திவிட்டேன்னு வெளிய வந்தா, மொதல்ல போறது என் வேலைதான். இங்க தமிழன் மெக்கானிக்கு நான் ஒருத்தன். துரைமாருங்க அதுக்கே மூஞ்சி சுளிக்கறானுங்க. என்னைக் கேட்டா நான் விசிறியைத்தான் பாத்தேன். உள்ள யாரு எங்க உக்காந்தான்னு பாக்கலே."

"நான் உங்கள ஒண்ணும் கேக்கலியே."

"கேக்காம இருக்கறதுக்குத்தான் சொல்றேன்."

அவர் மறுபடி இயந்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார். சேதுராமன் புத்தகத்தை ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றினான். தான் கேட்காமலே அந்த மனிதர் கொடுத்தது என்ன என்று அவனுக்குத் தெரிந்தது. புத்தகம் ஒரு சாட்சி, கலியாணசுந்தரம் இன்னொரு சாட்சி. இரண்டுமே இப்போது அவன் பக்கம். ஷரீஃப் பக்கம் மிச்சம் இருந்த சாட்சி சேதுராமன் ஒருவன்தான்.

அன்று சாயங்காலமே ஷரீஃபைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். புறப்பட்டும் போனான். ஜாலான் துக்காங் எமாஸில் விநாயகர் கோயில் வரை போய்ச் சைக்கிளை நிறுத்தினான். அங்கிருந்து நான்கு கடை தாண்டினால் சிஹாபுதீனின் துணிக்கடை. ஷரீஃப் நானா என்று கூப்பிடும் மூத்த அண்ணன் அவர். வாப்பா போன பிறகு தம்பியை வளர்த்தவர். கடைக்குள் ஷரீஃப் ஒரு கட்டு வாயில் துணியை முழங்கையால் அளந்துகொண்டே யாரையோ கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்தது தெருவரை கேட்டது. சேதுராமன் சிறிது நேரம் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு சைக்கிளைத் திருப்பினான். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை அவன் வீட்டைவிட்டே வெளியே வரவில்லை.

திங்கட்கிழமை காலை இருவரும் கேப்டனின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். ஷரீஃப் புதிதாய் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். ஃபெரியில் முடிவு செய்த பிறகு அவனுக்குப் பாரம் இறங்கியிருந்தது. பஸ் முழுக்கத் தூங்கிக்கொண்டே வந்தான்.

கேப்டன் பச்சைப் புத்தகத்தைப் புரட்டினார். பென்சிலால் குறித்து வைத்திருந்த முப்பத்து நான்கு தேதிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பத்து நிமிடம் ஆயிற்று. சுவர்க் கடிகாரமும் வெளியே ஒரு டகோட்டா விமானத்தின் இயந்திரமும் மட்டும் கேட்டன.

"இது தெளிவாக இருக்கிறது," என்றார். குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. "எல்லாமே உங்கள் கையெழுத்து, மிஸ்டர் சேதுராமன்."

ஷரீஃப் நிமிர்ந்தான். புரியாமல் கேப்டனைப் பார்த்தான், அப்புறம் சேதுராமனைப் பார்த்தான். அதில் இன்னும் சந்தேகம் இல்லை. நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வைதான்.

"ஆக, இந்த விமானங்கள் எல்லாவற்றுக்கும் பொறுப்பு நீங்கள்தானே?"

சொல்வதற்கு அவனிடம் வார்த்தைகள் இருந்தன. வெள்ளிக்கிழமைகளில் நான் கையெழுத்து மட்டும் போட்டேன், சார். ஓட்டியது அவன். ஏழெட்டு வார்த்தை. சொன்னால் தொண்ணூற்று நான்கு மணி நேரமும் டிசம்பர் மாதமும் மிஞ்சும்.

"ஆமாம், சார்," என்றான் சேதுராமன்.

அறையில் எதுவும் மாறவில்லை. கேப்டன் தலையசைத்தார். ஷரீஃப் மட்டும் இரண்டு கைகளையும் நாற்காலியின் பிடியில் வைத்து அழுத்தினான், எழுந்திருக்கப் போகிறவன் போல.

"சார், வெள்ளிக்கிழமைகளில்..."

"சொல்லுங்கள், மிஸ்டர் ஷரீஃபுதீன்."

ஷரீஃப் சேதுராமனைப் பார்த்தான். சேதுராமன் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் பினாங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஷரீஃப் கணக்கில் கெட்டிக்காரன். புத்தகம் அவனுக்கு எதிர். பக்கத்தில் இருந்த சாட்சி சேது ஒருவன்தான், அவனும் எதிர். அவன் பேச்சைக் கேப்டன் நம்பினாலும் இரண்டு புத்தகங்களும் இலாகாவுக்குப் போகும், இரண்டு பேரும் போவார்கள். நம்பாவிட்டால் பொய் எழுதினவன், அதற்கு மேலும் பொய் சொன்னவன். இதையெல்லாம் அவன் முகத்தில் வரிசையாகப் பார்க்க முடிந்தது.

"ஒன்றுமில்லை, சார். புத்தகத்தில் இருப்பது சரி. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்."

"உட்கார்ந்திருந்ததையா பொறுப்பு என்று எழுதினீர்கள்?"

"ஆமாம், சார்."

கேப்டன் ஆஷ்டன் ஷரீஃபின் லாக் புத்தகத்தை மூடி, இலாகாவுக்கு அனுப்பத் தனியே ஓர் உறைக்குள் போட்டார். "வருத்தமாக இருக்கிறது," என்றார். உண்மையிலேயே வருந்தினார் என்றுதான் தோன்றியது. "மேலே ஏறிய பிறகு ஒருவன் எழுதியதை இன்னொருவன் நம்ப வேண்டியிருக்கிறது. முந்நூறு மைல் தள்ளி எவ்வளவு எரிபொருள் இருக்கிறது என்பதைக்கூட எழுத்தைப் பார்த்துத்தான் நம்புகிறோம். உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்."

ஷரீஃப் எழுந்து, அவருக்குத் தலையைச் சாய்த்துவிட்டு வெளியே போனான். கதவைச் சத்தம் வராமல் சாத்தினான்.

சேதுராமன் அங்கே இன்னும் ஒரு மணி நேரம் இருக்க வேண்டியிருந்தது. சந்தேகம் வந்த வரிகளில் அவன் மறுபடி கையெழுத்துப் போட்டு உறுதி சொல்ல வேண்டும் என்று குமாஸ்தா உட்கார வைத்தார். முப்பத்து நான்கு வரி. ஞாயிற்றுக்கிழமைகளில் பேனா ஓடியது. வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொன்றும் ஒரு பின்னேரமாக வந்து நின்றது. தஞ்சோங் பிடாரா கடற்கரைக்கு மேலே மழைக்குள் மாட்டிக்கொண்டபோது ஷரீஃப் இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் இவன் தொடையைத் தட்டி, பயப்படாதே என்று சொன்ன நாள். பூலாவ் பெசார் தீவைச் சுற்றியபோது இயந்திரம் இருமத் தொடங்கி, அதை ஷரீஃப் கெஞ்சிக் கூத்தாடித் திடல்வரை கொண்டுவந்து இறக்கிய நாள். அந்த நாளில் இவன் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. அந்த வரியிலும் கையெழுத்துப் போட்டான். அது இனி அவன் அனுபவம்.

வெளியே வந்தபோது பெஞ்சில் ஷரீஃப் இல்லை. பஸ் நிலையத்திலும் இல்லை. மலாக்கா பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஒரு சீனக் கிழவி இரண்டு கோழிகளோடு வந்தாள்.

"ஷரீஃபுக்கு என்னாச்சு?" என்று அம்மாதான் முதலில் கேட்டாள்.

"அவனுக்கு மணி பத்தலேம்மா."

"அப்படின்னா?"

"பறக்காததைப் பறந்ததா எழுதிட்டான்."

அதைச் சொல்ல வேண்டும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. பத்தவில்லை என்பதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கேட்பவர்களுக்குக் காரணம் வேண்டியிருக்கிறது, காரணம் நாக்கில் தயாராக இருந்தது.

"பாத்தியா," என்றார் அப்பா. "எப்பப் பாத்தாலும் சிரிச்சிக்கிட்டே இருப்பான். அப்பவே எனக்கு ஒரு இது."

"என்ன இது? போன வாரம்தானே தங்கமான புள்ளைன்னீங்க?" என்றாள் அம்மா.

டிரெசர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். அடுத்த மூன்று நாளில் அது காஜா பேராங் முழுக்கப் பரவி, புக்கிட் பாருவைத் தாண்டி, ஊருக்குள் கடைத்தெருவுக்கும் போய்ச் சேர்ந்தது. துணிக்கடை பையன் பொய் மணி எழுதிப் பிடிபட்டானாம். டிரெசர் மகன் கணக்கைக் காட்டி வேலை வாங்கினானாம். ஒரு தமிழ்ப் பத்திரிகையில் சேதுராமனின் படம் வந்தது. மலாக்காவின் முதல் விமானி என்று போட்டிருந்தார்கள்.

அடுத்த வாரம், சேரச் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை பின்னேரம், சிஹாபுதீன் வந்தார். கடையை அந்த நேரத்தில் விட்டு வருகிறவர் இல்லை அவர். வெயிலில் நடந்தே வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை.

"தண்ணியாச்சும் குடிங்க," என்றாள் அம்மா.

"இருக்கட்டும்மா. தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போயிடறேன்."

அம்மா உள்ளே போனாள். சிஹாபுதீன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"சேது, ஷரீஃப் போன வாரம் திங்கக்கெழமையிலேர்ந்து என்கிட்ட பேசலே. சாப்பிடறான், கடைக்கு வர்றான், துணி கிழிக்கறான். கேட்டா ஒண்ணுமில்லேங்கறான். நேத்து இலாகாவிலேர்ந்து கடுதாசி வந்திருக்கு, லைசென்ஸ ரத்து பண்ணிட்டாங்களாம். அதையும் படிச்சுட்டுப் பைக்குள்ள வெச்சுக்கிட்டான்."

சேதுராமன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினான்.

"ஊர்ல என்னென்னவோ சொல்றாங்க. கடைக்கு வர்ற பொம்பளைங்ககூட என் மூஞ்சியப் பாத்துட்டு மெதுவா பேசறாங்க. நான் வளத்த புள்ள. சில்லறை மாத்தி வெச்சாக்கூட வந்து சொல்லிடுவான். அதனால ஊர் சொல்றத நான் எடுத்துக்கலே. நீ அவன்கூட அந்தச் சின்ன பிளேன்ல உக்காந்து போனவன். ஒன்கிட்டதான் கேக்கணும்னு வந்தேன்." அவர் குரல் இறங்கியது. "என் தம்பி பொய் எழுதினானா? நீ சொல்லு. நீ இல்லேன்னு சொன்னா நானும் இல்லேன்னு நம்பறேன். ஊரே வந்து சொன்னாலும் சரி."

உள்ளே அம்மா எதையோ நகர்த்துகிற சத்தம் நின்றுபோனது. அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த ஒரு மனிதருக்கு மட்டும் சொல்லலாம் என்று சேதுராமனுக்குத் தோன்றியது. இவர் கேப்டனிடம் போய்ச் சொல்லப் போவதில்லை. தம்பி பொய்யன் இல்லை என்று தெரிந்தால் போதும் இவருக்கு. ஆனால் தெரிந்த பிறகு இவர் சும்மா இருப்பாரா? வளர்த்தவர். பள்ளிவாசலில் பேசுவார், கடையில் பேசுவார். அது சிங்கப்பூர் வரை போக எத்தனை நாள் ஆகும்? மூன்று நாள்கூட ஆகாது என்பதை அவன் போன வாரம் பார்த்திருந்தான்.

"நானா," என்றான். "அவன் புஸ்தகத்துல நாப்பத்து நாலு மணி நேரம் தப்பா இருந்துச்சு."

"தப்புன்னா, தெரியாம எழுதினதா?"

சேதுராமன் தரையைப் பார்த்தான்.

"தெரிஞ்சுதான், நானா."

 சிஹாபுதீன் கைக்குட்டையை மடித்தார், நான்காக மடித்து, அதையும் பாதியாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு ஓரடி முன்னால் வந்து சேதுராமனின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்க தம்பி," என்றார். "உன் பொழப்பையும் சேத்துக் கெடுக்கப் பாத்திருக்கான். நான் ஒழுங்கா வளக்கலே."

அவர் தெருவில் இறங்கி, வெயிலில், ஓரமாக நடந்து போவதைச் சேதுராமன் பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பியபோது உள்வாசலில் அம்மா நின்றிருந்தாள். கையில் தண்ணீர்ச் சொம்பு இருந்தது. மகனின் முகத்தைப் பார்த்தாள். சொம்பை அவனிடம் நீட்டாமலே உள்ளே போய்விட்டாள்.